பரண்ல கிடக்கிற டிவி கேமை எடைக்குப் போட்டுடாதீங்க!

உங்க போன்ல ஒரு எமுலேட்டர் ஆப் இருந்தா போதும். 'கான்ட்ரா', 'சூப்பர் மேரியோ', அந்த டாங்க் கேம்... எல்லாமே பத்து நிமிஷத்துல கைக்குள்ள வந்துடும். 1985-ல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட்தான். காலையில ஃபேமிலி குரூப்ல பெரியப்பா அனுப்புற 'குட் மார்னிங்' படம்கூட அதைவிடப் பெருசா இருக்கும்.

அப்புறம் எதுக்குச் சிலர் மஞ்சள் பூத்த பிளாஸ்டிக் பெட்டியையும், ஸ்டிக்கர் கிழிஞ்ச கேசட்டையும் தேடித் தேடிச் சேர்க்கிறாங்க? விளையாடத்தான்னு சொன்னா அது பாதி பதில்கூட இல்லை. தபால்தலை சேர்க்கிறவர் அதை ஒட்டி லெட்டர் போடறதில்லை. பழைய காசு சேர்க்கிறவர் அதைக் கொடுத்து டீ குடிக்கிறதில்லை. பழைய வீடியோ கேம் சேர்க்கிறதும் கிட்டத்தட்ட அதே ஜாதிப் பழக்கம்தான். ஆனா ஒரு வித்தியாசம்: தபால்தலைக்குள்ள ஸ்க்ரூ கழற்றிப் பார்க்க எதுவும் இருக்காது. இதுல இருக்கும்.

நீங்க அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ஆளா இருந்தா, இந்த விஷயத்துல உங்களுக்கு யாரும் சொல்லாத சில அட்வான்டேஜ் இருக்கு. முதல்ல அந்த வெயிலும் வறட்சியும்.

காய்ஞ்ச பூமி காப்பாத்தும்

அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல அலமகோர்டோன்னு ஒரு ஊர். சுத்தி வறண்ட பாலைநிலம். 1983-ல் அடாரி கம்பெனி, விற்காமத் தேங்கிப்போன கேசட்டை எல்லாம் லாரில கொண்டு வந்து அந்த ஊர்க் குப்பைக் கிடங்குல புதைச்சுட்டுப் போயிடுச்சு. 'ஈ.டி.' படத்தை வச்சு அவசர அவசரமா செஞ்ச கேமும் அதுல ஒண்ணு. ரொம்ப நாள் இதை வெறும் கதைன்னே நினைச்சாங்க. 2014 ஏப்ரல்ல தோண்டிப் பார்த்தப்போ சுமார் 1,300 கேசட் வெளியே வந்துச்சு. 30 வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தும் சிலதுல ஸ்டிக்கர் படிக்கிற மாதிரியே இருந்துச்சு. ஏலம் விட்டதுல மொத்தம் ஒரு லட்சம் டாலருக்கு மேல கிடைச்சது. ஒரு கேசட் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கே போயிடுச்சு. மோசமான கேம்னு பேர் வாங்கினது அது. ஏலத்துல எடுத்த யாரும் அதை ரசிச்சு விளையாட எடுத்திருக்க மாட்டாங்க.

இப்போ நம்ம பக்கம் வாங்க. அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி வழியா நரிக்குடி வரைக்கும் பஸ்ல போனவங்களுக்கு அந்த நிலம் தெரியும். கரிசல், சீமைக்கருவேலம், வருஷத்துல பாதி நாள் காய்ஞ்சு கிடக்கிற கண்மாய். மழைக்கு ஏங்குற ஊர்தான். ஆனா எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு முதல் எதிரி ஈரமும் உப்புக்காத்தும்தான். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடலோரத்துல ஒரு கேசட்டைப் பத்து வருஷம் சும்மா வச்சா, அதோட செம்புப் பல்லு பச்சை பிடிச்சுப் போயிடும். அதே கேசட் அருப்புக்கோட்டை வீட்டுப் பரண்ல, தகர டிரங்குப் பெட்டிக்குள்ள, துணியில சுத்திக் கிடந்தா பொழைச்சுக்கும். தூசி இருக்கும், அது துடைச்சா போயிடும்.

பரண்ல என்ன கிடக்கும்?

ஜப்பான்ல நிண்டெண்டோ கம்பெனி 'ஃபாமிகாம்'ங்கிற டிவி கேமை 1983 ஜூலை 15-ல் வெளியிட்டது. சிவப்பும் வெள்ளையுமா ஒரு குட்டிப் பெட்டி. இந்தியாவுல அந்தக் கம்பெனி நேரடியா வந்து கடை விரிக்கலை. ஆனா பெட்டி வந்தது. தைவான், சீனா பக்கம் அதே மாதிரி சிப் செஞ்சு, அச்சு அசலா நகல் பெட்டி பண்ணி உலகம் பூரா அனுப்பினாங்க. இந்தியாவுல 'சாமுராய்', 'லிட்டில் மாஸ்டர்'னு பேர்கள்ல வித்தது. 'டெர்மினேட்டர் 2'ன்னு ஒண்ணு, கறுப்பா, பார்க்க செகா கம்பெனி மெகா டிரைவ் மாதிரியே இருக்கும். உள்ளே ஃபாமிகாம் நகல்தான்! சினிமாப் பேர் ஒருத்தருது, உருவம் இன்னொருத்தருது, மூளை மூணாவது ஆளோடது. இவ்வளவு தைரியமான ஒரு பொருளை இன்னைக்கு யாரும் செய்ய மாட்டாங்க.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரே பேர் 'டிவி கேம்'. உள்ளே சொருகுறது 'கேசட்'. மதுரை மீனாட்சி பஜார்லயும் சென்னை பர்மா பஜார்லயும் வாங்கினவங்க உண்டு. வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வந்த சித்தப்பாவோட பெட்டிக்குள்ள, சோப்புக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவுல வந்ததும் உண்டு. உங்க வீட்டுல அப்பாவோ மாமாவோ 1980-களோட கடைசியிலயோ 90-கள்லயோ ஸ்கூல் படிச்சிருந்தா, கேட்டுப் பாருங்க. "அதுவா... மேல எங்கயோ கிடக்கும்"னு ஒரு பதில் வர நல்ல வாய்ப்பு இருக்கு.

கிடைச்ச பெட்டி ஒரிஜினலா நகலான்னு கண்டுபிடிக்கிறதே ஒரு தனி சுகம். ஒரிஜினல் ஃபாமிகாம்ல ரெண்டாவது கன்ட்ரோலர்ல ஸ்டார்ட், செலக்ட் பட்டன் இருக்காது. அதுக்குப் பதிலா ஒரு குட்டி மைக் இருக்கும். நகல் செஞ்சவங்க பொதுவா அந்த மைக்கைச் சேர்க்கலை. கேசட்டுக்கு 60 பல்லு. இதுல அழகு என்னன்னா, நகல் பெட்டிக்காகச் செஞ்ச கேசட்டுக்கும் அதே 60 பல்லுதான். அதனால அருப்புக்கோட்டையில திருவிழாக் கடையில வாங்கின கேசட்டை ஜப்பான்ல வாங்கின ஒரிஜினல் பெட்டியில மாட்டினாலும் பெரும்பாலும் ஓடும். திருட்டுப் பொருளுக்கும் தயாரிப்பாளருக்கும் இப்படி ஒரு ஒற்றுமை!

ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். நம்மகிட்ட கிடைக்கிற நகலுக்கு ஏலத்துல விலை கிடையாது. 2021-ல் பெட்டி பிரிக்காத ஒரு 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' 20 லட்சம் டாலருக்கு வித்தது. அந்தச் செய்தியைப் பார்த்துட்டு பரண்ல ஏறினா ஏமாந்துதான் இறங்குவீங்க. ஆனா என்னைக் கேட்டா அதுவே நல்லது. காசுக்காக வர்ற கூட்டம் இந்தப் பக்கம் வராது. கல்லூரிப் பாக்கெட் மணியில ஒருத்தர் ஒரு நல்ல கலெக்‌ஷனை உருவாக்க முடியும்னா, அது இந்த மாதிரி யாரும் சீண்டாத பொருள்லதான்.

தறிக்காரங்க வீட்டுப் பிள்ளைக்குப் புரியும்

சேர்க்கிறவங்களோட பெரிய சந்தோஷம், திறந்து பார்க்கிறது. கேசட்டுக்குப் பின்னாடி ஸ்க்ரூ இருந்தா கழற்றுங்க. ஒரிஜினல் கேசட்னா கால் வச்ச கறுப்பு சிப், மேல எண்ணு, எழுத்து எல்லாம் இருக்கும். நகல் கேசட்னா கையளவு டப்பாவுக்குள்ள தீப்பெட்டி அளவுக்கு ஒரு போர்டு, அதுல தார் சொட்டின மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டுக்கு அடியிலதான் மொத்த கேமும். மீதி டப்பா பூரா காத்து.

அந்தப் பொட்டுக்குள்ள படம் எப்படி இருக்கும்? அருப்புக்கோட்டை தறிச் சத்தத்துல வளர்ந்த ஊர். இதை வேற ஊர்க்காரங்களுக்கு விளக்கறதைவிட அங்க விளக்கறது சுலபம். சேலை பார்டருக்கு டிசைன் போடறவங்க முதல்ல கட்டம் போட்ட பேப்பர்ல ஒவ்வொரு கட்டமா நிரப்புவாங்க. ஃபாமிகாம் திரையும் அப்படித்தான். குறுக்கே 256 புள்ளி, நெடுக்கே 240 புள்ளி. அதை 8-க்கு 8 புள்ளியா கட்டம் பிரிச்சா, ஒரு வரிசையில 32 கட்டம், மொத்தம் 30 வரிசை. ஆக 960 கட்டம். பின்னணி முழுக்க இந்தக் கட்டங்களை அடுக்கித்தான் நெய்யறாங்க. ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டா இடம் மிச்சம். மேரியோவுல வானத்துல இருக்கிற மேகமும் தரையில இருக்கிற புதரும் ஒரே படம்தான். கலர் மட்டும் வேற! அடுத்த தடவை பார்க்கும்போது கவனிங்க. ஒருதடவை தெரிஞ்சுட்டா அப்புறம் தெரியாம இருக்காது.

ஜக்கார்டு தறியில ஓட்டை போட்ட அட்டை இருக்கும்ல? ஓட்டை இருக்கிற இடத்துல இழை மேல தூக்கும், இல்லாத இடத்துல தூக்காது. 1804-ல் பிரான்ஸ்ல ஜக்கார்டு பண்ணின வேலை அது. கம்ப்யூட்டருக்கு முன்னோடியான மெஷினை யோசிச்ச சார்லஸ் பாபேஜுக்கே அந்த அட்டைதான் ஐடியா கொடுத்தது. அட்டைக் கோவையை மாத்தினா டிசைன் மாறும், தறி அதேதான். கேசட்டை மாத்தினா கேம் மாறும், பெட்டி அதேதான். போன்ல ஆப் ஓடும்போது இந்த உறவு கண்ணுக்குத் தெரியறதில்லை. கேசட்டைக் கையில வச்சிருக்கும்போது தெரியுது.

அப்புறம் அந்த '9999999 இன் 1' கேசட். மெனுல எண்ணு போய்க்கிட்டே இருக்கும். உண்மையில உள்ளே இருக்கிறது சில கேம்தான். அதையே ரெண்டாவது ஸ்டேஜ்ல ஆரம்பிக்கிற மாதிரி, உயிர் கூடுதலா இருக்கிற மாதிரி மாத்தி மாத்தி லிஸ்ட் நீட்டியிருப்பாங்க. சின்ன வயசுல அது ஏமாத்து வேலை. சேர்க்க ஆரம்பிச்சப்புறம் அந்த மெனுவே ஒரு பொக்கிஷம். யாரோ பேர் தெரியாத ஒரு புரோகிராமர் உட்கார்ந்து எழுதினது அது. எந்தக் கம்பெனியோட காப்பகத்துலயும் அதுக்கு பிரதி இருக்காது. வெளிநாடுகள்ல இந்த மாதிரி நகல் கேசட்டைத் தேடிப் பிடிச்சு, உள்ளே இருக்கிற டேட்டாவைப் படிச்சுப் பத்திரப்படுத்தறதையே வேலையா வச்சிருக்கிற ஆர்வலர்கள் உண்டு. அந்தக் கறுப்புப் பொட்டு செத்துப்போனா மாத்து கிடையாது. அதனால அவசரம் இருக்கு.

ஒரிஜினல் கேம்களோட நிலைமையே சொல்லிக்கிற மாதிரி இல்லை. அமெரிக்காவுல 2010-க்கு முன்னாடி வந்த கேம்கள்ல 100-க்கு 87 இன்னைக்குக் கடையில காசு கொடுத்தாலும் கிடைக்காதுன்னு 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டுச்சு. நியூயார்க் மாநிலத்துல, பெர்லின்ல எல்லாம் இதுக்கு அருங்காட்சியகம் இருக்கு. அங்க முதல் மரியாதை ஒரிஜினலுக்குத்தான். நம்ம அண்ணன்களும் அக்காக்களும் உண்மையில விளையாடினது நகல். அதை நம்ம வீட்டுப் பரண்தான் பத்திரமா வச்சிருக்கணும்.

இலவச டிவியும் வாத்துத் துப்பாக்கியும்

டிவி கேமோட ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி வரும். வாத்து சுடற 'டக் ஹன்ட்' கேமுக்கு. இன்னைக்கு உங்க வீட்டு எல்இடி டிவில மாட்டிச் சுட்டா ஒரு வாத்துகூட விழாது. துப்பாக்கி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க. சிக்கல் டிவில.

துப்பாக்கில இருந்து எந்தக் கதிரும் வெளியே போறதில்லை. நேர்மாறா, துப்பாக்கி ஒரு கண்ணு. நீங்க டிரிகரை அழுத்தின கணத்துல திரை பூரா ஒரு நொடியோட சிறு பகுதிக்குக் கறுப்பாகும். உடனே வாத்து இருந்த இடத்துல மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக்குள்ள இருக்கிற சென்சார் முதல்ல இருட்டையும் அடுத்து வெளிச்சத்தையும் பார்த்தா, குறி சரின்னு அர்த்தம். வெளிச்சமே தெரியலைன்னா தவறிடுச்சு. இது அத்தனையும் பழைய குண்டு டிவியோட வேகத்துக்குக் கணக்குப் பண்ணினது. தட்டை டிவி படத்தை உள்ளே வாங்கிக் கொஞ்சம் தாமதமா காட்டும். அதுக்குள்ள துப்பாக்கி கண்ணை மூடிடும்.

அப்போ குண்டு டிவிக்கு எங்க போறது? 2006-ல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை ஆரம்பிச்சது. சில வருஷத்துல ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீட்டுக்கு 14 இன்ச் குண்டு டிவி போய்ச் சேர்ந்தது. ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் ரெட்ரோ கேம் ஆட்கள் நல்ல நிலைமையில இருக்கிற சின்ன குண்டு டிவிக்கு அலையறாங்க. நம்ம கிராமங்கள்ல அது மாட்டுத் தொழுவத்துல, மேல ஒரு சாக்கு போட்டுக் கிடக்குது. இனிமே அந்தக் குழாய் டிவி புதுசா வரப்போறதும் இல்லை. எடைக்குப் போனா உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை உருவிட்டு மீதியை உடைச்சுப் போடுவாங்க. அந்தக் கண்ணாடியில காரீயம் கலந்திருக்கும். மண்ணுக்கும் நல்லதில்லை, உடைக்கிறவருக்கும் நல்லதில்லை.

என் கணக்குல, இந்தப் பக்கத்துல கலெக்‌ஷன் ஆரம்பிக்கிறவர் முதல்ல வாங்க வேண்டியது கேசட் இல்லை, வேலை செய்யற ஒரு குண்டு டிவி. பின்னாடி மஞ்சள், வெள்ளை ஏவி பின் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னாலும் ஆன்டெனா வயர்ல ஓட வைக்கலாம். ஆனா டிவியோட முதுகை மட்டும் நீங்களே கழற்றாதீங்க. ஆஃப் பண்ணினப்புறமும் அந்தக் குழாய்ல ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

பேப்பர்தான் அரிது

வித்தியாசமா இருக்கும், ஆனா உலகம் முழுக்கச் சேர்க்கிறவங்க கேசட்டைவிட அதிகமா தேடறது அட்டைப் பெட்டியையும் மேனுவலையும்தான். கேசட் கீழ விழுந்தாலும் தாங்கும். அட்டைப் பெட்டியை வாங்கின அன்னைக்கே கிழிச்சிருப்போம். மேனுவலை யாரும் படிச்சிருக்க மாட்டோம். நம்ம நகலுக்கு மேனுவலே வராதது ஒரு பெரிய நஷ்டம். 'டக் ஹன்ட்'ல துப்பாக்கியோட இன்னொரு கன்ட்ரோலரும் மாட்டியிருந்தா, ஒரே ஒரு வாத்து வர்ற 'கேம் ஏ'ல அந்த வாத்தை இன்னொருத்தர் ஓட்டலாம். அண்ணன் சுட, தங்கச்சி வாத்தை வளைச்சு வளைச்சு ஏமாத்தலாம். மேனுவல்ல இருந்த விஷயம். எத்தனை வீட்டுல இது தெரியாமயே போச்சோ! அந்த டாங்க் கேம் 'பேட்டில் சிட்டி'யில 'கன்ஸ்ட்ரக்‌ஷன்'னு ஒரு வரி இருக்கும். அதுல நாமளே செங்கல் அடுக்கி மேப் போடலாம். ஆனா சேமிக்க முடியாது. கரண்ட் போனா கோட்டையும் போச்சு. அப்படிப் போட்ட மேப்பை நோட்டுல வரைஞ்சு வச்சவங்க இருந்தா, அந்த நோட்டும் கலெக்‌ஷன்ல சேரும்.

திருச்சுழிக்காரங்களுக்கு ஒரு உதாரணம் சொன்னா புரியும். 1879-ல் ரமண மகரிஷி பிறந்த வீட்டை அங்க 'சுந்தர மந்திரம்'னு இன்னைக்கும் பாதுகாத்து வச்சிருக்காங்க. நான் ரெண்டையும் ஒப்பிட வரலை, சண்டைக்கு வராதீங்க. பார்க்க எளிமையான வீடுதான். யார் இருந்தாங்க, எங்க இருந்தாங்கங்கிற தகவல்தான் அதுக்கு மதிப்பு. பொருளோட தகவலும் ஒட்டியே இருக்கணும். எந்த ஊர், எந்த வருஷம், யார் வாங்கித் தந்தது, எந்தக் கடைன்னு ஒரு சீட்டு எழுதி கேசட்டோட வச்சா, வெறும் பிளாஸ்டிக் சாட்சியா மாறிடும்.

கையில வந்தப்புறம்

முதல் விதி, ஊதாதீங்க! கேசட் ஓடலைன்னா ஊதறது நம்ம தேசியப் பழக்கம். ஓடினதுக்குக் காரணம் உங்க ஊதல் கிடையாது. கழற்றி மாட்டினதுல பல்லு சரியா உட்கார்ந்ததுதான். ஊதும்போது எச்சில் ஈரம் செம்புல படிஞ்சு துரு பிடிக்கும். வறண்ட ஊர்ல ஈரமே இல்லாம முப்பது வருஷம் பொழைச்ச கேசட்டுக்கு நாமளே ஈரம் கொடுக்கலாமா? மெடிக்கல்ல காது பட்ஸும், எலெக்ட்ரானிக்ஸ் கடையில ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வாங்கி, பல்லை மெதுவா துடைங்க. பட்ஸ் கறுப்பா வரும். வெள்ளையா வர்ற வரைக்கும் துடைங்க. அதுல ஒரு திருப்தி இருக்கு, செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்.

வெயில்ல காய வைக்காதீங்க. பழைய வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகறதுல வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. தகரக் கூரைக்கு நேர் கீழயும் வேண்டாம். அட்டைப் பெட்டி இருந்தா கரையானுக்கு எட்டாத இடத்துல, தரையில படாம வைங்க. அந்துருண்டை மட்டும் போடாதீங்க. அது பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டிக்கும்.

அடாப்டர் விஷயத்துல அவசரம் கூடாது. ஜப்பான்ல இருந்து வந்த பெட்டின்னா அதோட அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செஞ்சது. நம்ம ஊரு 230-ல் சொருகினா புகைதான். நகல் பெட்டிக்கும் வோல்ட், பிளஸ் மைனஸ் ரெண்டும் பெட்டிக்கு அடியில எழுதியிருக்கிறதோட பொருந்துதான்னு பார்த்துட்டு மாட்டுங்க. கேம்பாய் 'போகிமான்' மாதிரி சேமிக்கிற கேசட் கிடைச்சா, உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அதைக் கழற்றின நிமிஷம் யாரோ பள்ளிக்கூட லீவு பூரா சேர்த்த ஆட்டம் அழிஞ்சுடும். முதல்ல ஓட்டிப் பாருங்க, உள்ளே என்ன பேர் போட்டிருக்காங்கன்னு பார்த்து போட்டோ எடுங்க, அப்புறம் பேட்டரி மாத்துங்க.

தேடறதுக்கு நல்ல சமயம் தைப்பொங்கலுக்கு முந்தின வாரங்கள். வெள்ளையடிக்க வீட்டைக் காலி பண்ணும்போதுதான் பரண் கீழ இறங்கும். பாதி சாமான் நேரா எடைக்கடைக்குப் போயிடும். உங்க ஏரியா எடைக்கடை அண்ணாச்சிகிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க. "டிவி கேம், கேசட், துப்பாக்கி வந்தா உடைக்காம எடுத்து வைங்க அண்ணாச்சி, எடைக்கு மேல தர்றேன்." போன்ல ஒரு கேசட் போட்டோவையும் காட்டிட்டு வாங்க. இல்லைன்னா டேப் ரெக்கார்டர் கேசட்டைச் சாக்கு சாக்கா எடுத்து வச்சிருப்பார்.

அப்படி வாங்கினதுல பலதுல பேனாவாலயோ காம்பஸ் முனையாலயோ ஒரு பேரும் வகுப்பும் எழுதியிருக்கும். வாடகைக்கும் கடனுக்கும் கை மாறும்போது தொலையக் கூடாதுன்னு எழுதினது. ஆல்கஹால் பட்டா பேனா மை போயிடும். அந்த இடத்தை மட்டும் துடைக்காம விட்டுடுங்க.